முதலில் சாணத்தைப் பாருங்கள், பிறகு மருந்தைத் தாருங்கள்

பெறுநர்:
பணிப்பாளர் நாயகம், கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம், பேராதனை
மேல் மாகாணக் கால்நடைத் திணைக்கள அதிகாரிகள்
கொழும்பு, கம்பஹா மாவட்டங்களின் அரச மிருக வைத்தியர்கள்

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

கொழும்பில் மாடு வளர்க்கிறார்களா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மட்டக்குளி, முகத்துவாரம், வெல்லம்பிட்டி, கொலன்னாவை, பாலம் தாண்டினால் பேலியகொடை, ஹெந்தளை என்று விடியற்காலையில் ஒரு சுற்று வந்தால் தெரிந்துவிடும். ஒரு வீட்டுக்குப் பின்னால் மூன்று மாடு, இன்னொரு வீட்டுக்குப் பின்னால் எட்டு. தகரக் கொட்டகை, சீமெந்துத் தரை, பக்கத்தில் கால்வாய். புல் என்பது கால்வாய்க் கரையிலும் சதுப்பு ஓரத்திலும் வெட்டி ஓட்டோவில் ஏற்றி வருவது. வெறும் நிலம் கிடைத்தால் அவிழ்த்துவிட்டு மேய்ப்பவர்களும் உண்டு. அக்கம்பக்கத்துத் தேத்தண்ணிக் கடைகளும் கோவில்களும் வாங்குவது இந்த மாடுகளின் பாலைத்தான். நானும் இந்தப் பட்டிக்காரர்களில் ஒருவன். பட்டம், பதவி ஒன்றும் கிடையாது; மாட்டோடு கிடந்து பழகியது மட்டும்தான்.

கேட்க வந்தது ஒரே விஷயம். ஒரு மாட்டுக்குப் பூச்சி மருந்து எழுதுவதற்கு முன் அதன் சாணத்தைப் பரிசோதிக்கும் வசதி பிரதேச மிருக வைத்திய காரியாலயத்திலேயே இருக்க வேண்டும். கிழமையில் இரண்டு காலையாவது, மூன்று மாடு வைத்திருப்பவனுக்கும் கட்டுப்படியாகிற மாதிரி.

இப்போது நடப்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். மாடு மெலிந்தால் பூச்சி மருந்து. பால் குறைந்தால் பூச்சி மருந்து. மயிர் சிலிர்த்துக்கொண்டு நின்றால், கழிந்தால், சினை தங்காவிட்டால், எல்லாவற்றுக்கும் அதே போத்தல். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா பட்டி முழுவதையும் வரிசையில் நிறுத்தி ஊற்றுகிறோம். கடையில் எது இருக்கிறதோ அதுதான் மருந்து. எந்தப் புழுவுக்கு என்று கடைக்காரர் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. சொல்ல எங்களுக்கே தெரியாதே. மாடு தேறினால் மருந்தின் புண்ணியம்; தேறாவிட்டால் அடுத்த போத்தல். கொழும்பில் புண்ணாக்கு விற்கிற விலையில் பல மாடுகள் மெலிந்து நிற்பதற்குக் காரணம் வெறும் தீனிக் குறைவு. பசித்த மாட்டுக்குப் பூச்சி மருந்து ஊற்றி என்ன காண்பது?

ஒரு காரியாலயத்துக்கு, எது என்று சொல்லப் போவதில்லை, சாணத்தைப் போத்தலில் எடுத்துக்கொண்டு போனேன். “இதெல்லாம் தூர அனுப்பித்தான் பார்க்கணும் ஐயா, அதுக்குள்ள மருந்தைக் குடுத்துப் பாருங்களேன்” என்றார் அங்கே இருந்தவர். அவரைக் குறை சொல்லவில்லை. மேசையில் கால்-வாய் நோய் (கோமாரி) தடுப்பூசிப் பட்டியல், தொலைபேசியில் சினை ஊசிக்கு அழைப்பு, வாசலில் கூட்டில் அடைத்த நாயோடு ஒரு அம்மா. இத்தனைக்கும் நடுவில் என்னுடைய சாணப் போத்தல். ஆனால் அவர் சொன்னதன் பொருள் என்ன? நோய் என்னவென்று தெரியாமல் மருந்து கொடு, அதில் சுகம் வந்தால் அதுதான் நோய். மனிதருக்கு இப்படி வைத்தியம் பார்த்தால் சும்மா விடுவோமா?

சரி, இது ஏன் கொழும்பில் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். இங்கே வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. சூடு ஆண்டு முழுக்க 27, 28 பாகைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. சாணத்தோடு விழும் உருளைப்புழு முட்டை இந்த ஈரச் சூட்டில் ஒரு கிழமைக்குள் பொரித்து, தொற்றக்கூடிய குடம்பியாகி, அதாவது புழுக்குஞ்சாகி, புல்லில் ஏறிவிடும். அதைக் கொல்லக் குளிர்காலம் என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. ஒரு நல்ல பக்கமும் உண்டு: இதே சூட்டில் குடம்பி ஓடியாடித் தன் கையிருப்பைத் தின்று தீர்த்துவிடுவதால், ஐந்தாறு கிழமை மாடு வாய் வைக்காத நிலத்தில் பெரும்பாலானவை செத்துப்போகும். நிலம் இருப்பவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து மாற்றி மேய்த்தால் பாதி மருந்து மிச்சம். எங்களிடம் நிலம் இல்லை. அதனால் அந்தப் பேச்சை அத்தோடு விடுகிறேன்.

எங்கள் தலைவலி தட்டைப்புழு. தென்மேல் பருவமழையில் களனி ஆறு கரை மீறி இறங்கிய பிறகு கால்வாய் ஓரப் புல்லில் நத்தை அப்பிக்கொண்டு கிடக்கும். ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச உடன்படிக்கையின் கீழ் கொழும்பை 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரித்தார்கள், பெருமைதான். தட்டைப்புழு தன் வாழ்நாளில் ஒரு பகுதியைக் கழிப்பதும் அந்த ஈரநிலத்து நத்தைக்குள்தான். லிம்னியா வகை நத்தையில் வளர்வது ஈரலைத் தின்னும் ஃபாசியோலா. சுருட்டி வைத்த தட்டை மாதிரி இருக்கும் இன்டோபிளனோர்பிஸ் நத்தையில் வளர்பவை இரைப்பைத் தட்டைப்புழுக்களும், இரத்தக் குழாய்க்குள் வாழும் சிஸ்டோசோமாவும். வயலிலும் வாய்க்காலிலும் இறங்கியவர்களுக்குக் கால் அரித்துத் தடிப்பதற்கு ஒரு காரணம் இந்த மாட்டுச் சிஸ்டோசோமாவின் குஞ்சுகள்தான். தோலுக்குள் நுழைந்து அங்கேயே செத்துப்போகும். மாட்டின் புழு மாட்டோடு போகட்டும் என்று யாரும் இருக்க முடியாது. கால்வாயில் வளரும் கங்குன் கீரையைப் பச்சையாகச் சாப்பிட்டால் ஃபாசியோலாவுக்கு மனித ஈரலும் ஆகும்.

நத்தையிலிருந்து வெளியே வரும் குஞ்சு, தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில் புல்லின் தண்டில் ஒட்டிக்கொண்டு உறை போர்த்திக் காத்திருக்கும். ஆகவே அடியோடு அரிந்து வரும் புல் ஆபத்து. தண்ணீர் மட்டத்துக்கு நல்ல மேலாக அரிந்த புல் அவ்வளவு ஆபத்தில்லை. வைக்கோலும் அப்படித்தான். நீர் தேங்கிய வயலில் அறுத்த தாளின் அடிப்பகுதியில்தான் பெரும்பாலானவை ஒட்டியிருக்கும். வெயிலில் நன்றாகக் காயப்போட்டால் குறையும். இதை இந்தோனேசியாவில் நெல்லும் மாடும் சேர்ந்த ஊர்களில் ஆராய்ந்து, விவசாயிகளுக்கு எடுத்துச் சொன்னார்கள். இங்கே எந்தப் பட்டிக்காரனிடமாவது யாராவது சொன்னார்களா? அரிவாளை அரை அடி உயர்த்திப் பிடி என்று சொல்ல ஒரு துண்டுப் பிரசுரம் போதும். ஒரு ரூபாய் மருந்துச் செலவு இல்லை.

இனிச் சாணத்துக்கு வருகிறேன். பரிசோதனை என்றதும் பெரிய ஆய்வுகூடம், விலை உயர்ந்த இயந்திரம் என்று நினைப்பவர்களுக்காகவே இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். உங்களுக்கு இது பாலர் பாடம் என்று தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். மடல் திறந்த மடல், மற்றவர்களும் படிக்கிறார்கள்.

எனக்கு இதைச் செய்து காட்டிய இளம் வைத்தியர் முதலில் கையில் எடுத்தது ஒரு தேத்தண்ணி வடி. சின்னப் போளை அளவு சாணத்தை, உப்புக் கரைத்த தண்ணீரில் கலக்கினார். கறியுப்புதான், இனிக் கரையாது, அடியில் தங்குகிறது என்னும் வரை கரைத்தது. வடியில் வடித்து, சிறு கண்ணாடிக் குழாயில் விளிம்பு முட்ட ஊற்றி, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை மூடினார். கால் மணித்தியாலம் கழித்து அந்தத் துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்தார். கனத்த உப்புத் தண்ணீரில் மிதந்து வந்த முட்டைகள் அதில் ஒட்டியிருந்தன. உருளைப்புழு முட்டைகள் நீள்வட்டமாக, உள்ளே திராட்சைக் குலையாகக் கலங்கள். நாடாப்புழு முட்டை மூன்று மூலையோ நான்கு மூலையோ உள்ளது. கன்று இரத்தமாகக் கழிகிறதென்றால் தேடுவது இவற்றை விடச் சின்ன, உருண்டையான கொக்சிடியாவை. எண்ணிக்கை வேண்டுமென்றால் கட்டம் போட்ட மக்மாஸ்டர் கண்ணாடி இருக்கிறது. சிட்னியில் ஒரு கால்நடை ஆய்வுகூடத்தில் 1930களில் உருவானது, அந்த ஆய்வுகூடத்தின் பெயரே அதற்கு நின்றுவிட்டது. வழக்கமான கலவையில் இரண்டு அறைகளிலும் எண்ணியதை ஐம்பதால் பெருக்கினால் ஒரு கிராம் சாணத்தில் எத்தனை முட்டை என்று வரும்.

உப்புத் தண்ணீரோடு நிறுத்திவிட்டால் எங்கள் பகுதி மாடுகளுக்குப் பிரயோசனமில்லை. தட்டைப்புழு முட்டை கனம் கூடியது, இந்த உப்புத் தண்ணீரில் மிதக்காது. அதற்கு நேர்மாறான வழி: சாணத்தை நிறையத் தண்ணீரில் கலக்கி வடித்து, ஐந்து நிமிடம் அடங்கவிட்டு, மேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி தண்ணீர் விட்டு, தெளியும் வரை அப்படியே செய்வது. கடைசியில் மிஞ்சும் அடி மண்டியில் ஒரு சொட்டு மெதிலீன் நீலம். புல் நாரும் குப்பையும் நீலமாகிவிடும்; முட்டையில் நீலம் ஏறாது. நீலத்துக்குள் தங்க மஞ்சளாகத் தெரிந்தால் ஃபாசியோலா. அதே வடிவத்தில் நிறமில்லாமல் தெளிவாக இருந்தால் இரைப்பைத் தட்டைப்புழு. எனக்கு அதைப் பார்த்தபோது, இத்தனை வருடம் எந்தப் போத்தலை எதற்கு ஊற்றினோம் என்ற கேள்விதான் வந்தது.

ஏனென்றால் அந்த மஞ்சளும் தெளிவும் மருந்தையே மாற்றுகின்றன. ஐவர்மெக்டினும் லெவமிசோலும் தட்டைப்புழுவைத் தொடவே தொடாது. அல்பெண்டசோல் கூட்டிய அளவில் வளர்ந்த ஈரல் புழுவைக் கொல்லும், குஞ்சைக் கொல்லாது. சினை பிடித்த முதல் மாசங்களில் அதைக் கொடுக்கவும் கூடாது. டிரைக்ளபெண்டசோல் ஈரல் புழுவைக் குஞ்சிலிருந்தே பிடிக்கும், ஆனால் இரைப்பைத் தட்டைப்புழுவுக்கு உதவாது. அதற்கு ஒக்ஸிக்ளோசனைட் வேண்டும். தாடைக்குக் கீழே நீர் கோர்த்துத் தொங்கும் ஒரு மாட்டை நிறுத்தி வைத்து, அது ஈரல் புழுவா, நான்காம் வயிற்றில் இரத்தம் குடிக்கும் ஹீமோங்கஸா, வேறு நோயா என்று வெளியில் பார்த்துச் சொல்லுங்கள் பார்க்கலாம். ஹீமோங்கஸ் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர் இரத்தம் குடிக்கும் என்பார்கள். ஆயிரம் புழு இருந்தால் தினம் 50 மில்லிலீற்றர். அந்த மாட்டுக்கு ஈரல் புழு மருந்தைக் கொடுத்துவிட்டு ஒரு மாசம் காத்திருக்க முடியுமா?

சாணப் பரிசோதனை எல்லாம் சொல்லிவிடும் என்று நான் நம்பவில்லை. எங்கள் நாட்டு வெப்பத்தில் இருக்கும் ஃபாசியோலா, மாட்டுக்குள் போய் மூன்று மாசத்துக்கு மேல் கழிந்துதான் முட்டை இடத் தொடங்கும். அதற்குள் ஈரலைத் துளைத்து முடித்திருக்கும். இரைப்பைத் தட்டைப்புழுவின் குஞ்சுகள் சிறுகுடலில் இருந்துகொண்டு நாகுகளைத் தண்ணீராகக் கழிய வைக்கும்; அப்போது சாணத்தில் ஒரு முட்டைகூட இருக்காது. மறுபக்கம், வளர்ந்த கறவைக்கு வயிற்றுப் புழுவுக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி ஓரளவு வந்துவிடுவதால், சில முட்டைகள் தெரிந்தாலும் மருந்து தேவைப்படாது. அங்கேதான் படித்தவர் வேண்டும். முட்டையைத் தேடுவதற்கு ஒரு பயிற்சி பெற்ற உதவியாளர் போதும். முட்டைக்குப் பொருள் சொல்ல வைத்தியர்.

மாதிரி எடுப்பது எங்கள் பொறுப்பு. தரையில் கிடப்பதை அள்ளி வந்தால் அதில் தரையின் புழுவும் சேர்ந்திருக்கும். மாட்டின் குதத்திலிருந்தே கையுறையோடு எடுத்து, காற்று இல்லாமல் போத்தலை நிரப்பி, பெயர் எழுதி, அன்றைக்கே கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் பிரிட்ஜின் கீழ்த் தட்டில், உறைய விடாமல். (எந்த வீட்டு அம்மா இதற்கு இடம் கொடுப்பார் என்பது தனிப் பிரச்சினை.) பட்டியில் ஒவ்வொரு மாட்டையும் பார்க்கவும் தேவையில்லை. புழுவில் பெரும்பங்கு சில மாடுகளிடமே குவிந்திருக்கும் என்பது நீங்கள் எல்லோரும் படித்ததுதான். கன்றுகளில் சில, நாகுகளில் சில, மெலிந்தவை எல்லாம் என்று பார்த்தாலே பட்டியின் நிலைமை பிடிபடும்.

சாணம் பார்க்காமலேயே கொடுக்க வேண்டிய மருந்து ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பிறந்த கன்றுக்குத் தாய்ப்பாலோடு வந்து சேரும் டொக்சோகாரா என்ற உருளைப்புழுவுக்கான மருந்து அது. எருமைக் கன்றுகளில் இந்தப் புழு பெரிய எமன். தாயின் உடம்பில் உறங்கிக் கிடக்கும் குடம்பி, கன்று ஈன்றதும் பாலில் இறங்கிவிடும். மூன்று கிழமைக் கன்று வயிறு உப்பி, சேற்று நிறத்தில் நாறிக் கழியும். குடல் அடைத்தும் செத்துப்போகும். முட்டை சாணத்தில் தெரியும் வரை காத்திருந்தால் பிந்திவிடும். பிறந்த இரண்டாம், மூன்றாம் கிழமையில் ஒரு தடவை மருந்து கொடுத்தால் கன்றும் தப்பும், நிலமும் தப்பும். ஆறு மாசத்துக்கு ஒருக்கா நடக்கும் மருந்து ஊற்றலில் தவறிப்போகிறவை இந்தக் கன்றுகள்தான். கணக்கு எப்படி இருக்கிறது பாருங்கள்: தேவையில்லாத கறவைக்குத் தவறாமல் கிடைக்கிறது, தேவையான கன்றுக்கு நாள் தப்பிவிடுகிறது.

அளவு இன்னொரு கூத்து. மாட்டைக் கண்ணால் பார்த்து ‘ஒரு இருநூறு கிலோ இருக்கும்’ என்று ஊற்றுவதுதான் வழக்கம். தராசு எங்களுக்கு எங்கே? தையல்காரரின் அளவு நாடா போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ கணக்கு ஏறத்தாழ வரும். சுற்றளவு 60 அங்குலம், நீளம் 54 அங்குலம் என்றால் மாடு 295 கிலோ. அதை இருநூறு என்று நினைத்து ஊற்றினால் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோகும். மேலே போத்தலின் குழப்பம் வேறு. அந்த 295 கிலோ மாட்டுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்பெண்டசோல் என்றால், 10 வீதக் கரைசலில் 30 மில்லிலீற்றர், 2.5 வீதக் கரைசலில் 118 மில்லிலீற்றர். போத்தல் இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், எழுத்து எறும்பு அளவு, அதுவும் ஆங்கிலத்தில். 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது கிடைத்ததைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டு ஊற்றியவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பாதி அளவில் சாவது பலவீனமான புழு. பிழைத்த புழுவின் பிள்ளைகள்தான் அடுத்த மழைக்குப் புல்லில் ஏறுகின்றன.

இப்படித்தான் மருந்துக்கு அடங்காத புழு உருவாகிறது. ஆட்டில் இது உலகம் முழுக்கப் பெரிய தொல்லையாகிவிட்டது; மாட்டிலும் ஐவர்மெக்டினுக்கு அடங்காத கூப்பீரியா என்ற குடல் புழு பல நாடுகளில் பரவிவிட்டது. பட்டி முழுவதற்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றினால் மருந்து படாத புழுவே மிஞ்சாது; மிஞ்சுவது மருந்தை வென்றது மட்டும். தேவையான மாட்டுக்கு மட்டும் கொடுத்து, நன்றாக இருக்கும் மாடுகளில் கொஞ்சப் புழுவை விட்டு வைக்க வேண்டும் என்று உங்கள் துறையிலேயே இப்போது சொல்கிறார்கள். கேட்க விசித்திரமாக இருந்தாலும் கணக்கு சரிதான். எந்த மருந்து எந்தப் பகுதியில் தோற்கிறது என்று அறிய வழியும் எளிது: கொடுக்கும் நாளில் ஒரு முட்டை எண்ணிக்கை, பத்துப் பதினான்கு நாள் கழித்து இன்னொன்று. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தாவது குறையவில்லை என்றால் மருந்தைச் சந்தேகிக்கலாம். மேல் மாகாணத்தில் வருடத்துக்குச் சில பட்டிகளிலாவது இதைச் செய்து, முடிவைக் காரியாலயச் சுவரில் ஒட்டுங்கள். நாங்கள் வாங்கும் போத்தலில் சத்து இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வேறு வழி இல்லை.

ஐவர்மெக்டினைப் பற்றி ஒரு வார்த்தை. 2015இல் நோபல் பரிசு வாங்கித் தந்த மருந்து, அதன் அருமையை மறுக்கவில்லை. ஆனால் ஊசி பாலில் இறங்கும், கன நாள் நிற்கும். பால் கறக்கும் பசுவுக்கு அதைப் போட்டுவிட்டு மறுநாள் காலை பாலை வீட்டுக்கு வீடு ஊற்றுவது தவறு. இதைப் பட்டிக்காரர்களுக்கே சொல்கிறேன். கடையில் சீட்டு இல்லாமல் அது கிடைப்பதைப் பற்றி உங்களுக்குச் சொல்கிறேன்.

உண்ணிக்குச் சாணம் உதவாது, இரத்தம் வேண்டும். பட்டிப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டும்போது மடியிலும் வாலடியிலும் கழுத்துத் தொங்கலிலும் கை வைத்தால் உண்ணியின் கணக்குத் தெரியும். எங்கள் மாட்டு உண்ணி மூன்று கிழமை ஒரே மாட்டிலேயே இருந்து வளர்ந்து, விழுந்து, சுவர் வெடிப்பில் இரண்டாயிரம் மூவாயிரம் முட்டை இட்டுச் செத்துப்போகும். மருந்தை மாட்டில் அடித்துவிட்டுக் கொட்டகை வெடிப்பைப் பூசாமல் விட்டால் அடுத்த மாசமும் அதே வேலை. உண்ணி காய்ச்சலைப் பரப்புகிறது என்று 1893இலேயே அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள். அதற்காக உண்ணியே இல்லாத பட்டியை உருவாக்கப் போவதும் புத்திசாலித்தனம் இல்லை. சின்ன வயதில் பபீசியா, அதாவது உண்ணி பரப்பும் அந்தக் காய்ச்சலின் கிருமி, தொற்றிய கன்று பெரும்பாலும் நோய் காட்டாமல் எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும். உண்ணியே காணாமல் வளர்ந்த ஜெர்சிக் கலப்பு நாகு ஒருநாள் அதைச் சந்தித்தால் கோப்பித் தண்ணி மாதிரி மூத்திரம் போய் விழுந்துவிடும். ஆனால் சிவந்த மூத்திரம் எல்லாம் பபீசியா இல்லை. எலிக்காய்ச்சலிலும் அப்படிப் போகலாம். அது மாட்டிலிருந்து கறக்கிறவனுக்கும் வரும். காது நுனியில் ஒரு சொட்டு எடுத்து, கண்ணாடியில் இழுத்து, கீம்சா சாயம் போட்டுப் பார்த்தால் தெரிகிற விஷயத்துக்கு ஊகத்தில் ஊசி போடுவது மாட்டுக்கும் ஆபத்து, கறக்கிற எங்களுக்கும் ஆபத்து.

கோவில் மாடுகளையும் கணக்கில் எடுங்கள். நேர்த்திக்காகவும் வெட்டுக்குப் போகும் மாட்டை மீட்டும் கொழும்புக் கோவில்களுக்குப் பசு கொடுப்பவர்கள் நிறையப் பேர். எந்த ஊர் மாடு, எந்தக் குளத்தில் மேய்ந்தது, என்ன மருந்து கண்டது என்று ஒருவருக்கும் தெரியாது. வந்த அன்றே மற்ற மாடுகளோடு கட்டிவிட்டு, அகத்திக்கீரை கொடுத்துக் கும்பிடுகிறோம். வரும் மாட்டை இரண்டு மூன்று கிழமை தனியே கட்டி, சாணமும் இரத்தமும் பார்த்து, உண்ணி நீக்கிச் சேர்க்க வேண்டும் என்று அறங்காவலர் சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அவர்கள் தட்ட மாட்டார்கள். உங்கள் முத்திரைக்கு இருக்கும் மரியாதை என் பேச்சுக்கு இல்லை.

இன்னொன்று. மாடு வெட்டுவது பற்றிய வாதத்தை இங்கே இழுக்கவில்லை. ஆனால் மடுவத்தில் பரிசோதகர் ஈரலை அறுத்துப் பார்த்து, பித்தக் குழாய் தடித்து உள்ளே இலை வடிவில் புழு இருந்தால் ஒதுக்கி எறிகிறார். அந்த ஈரல் எந்தப் பிரதேச மாட்டினது என்பது காதில் போட்ட இலக்கத்திலும் போக்குவரத்து அனுமதிப் பத்திரத்திலும் இருக்கிறது. அந்தத் தகவல் அந்தப் பிரதேச வைத்தியருக்குத் திரும்பிப் போனால், எங்கே நத்தை, எங்கே புழு என்று செலவில்லாமல் ஒரு வரைபடம் கிடைத்துவிடும். இப்போது ஈரலோடு தகவலும் குப்பைக்குப் போகிறது.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. காரியாலயத்துக்கு ஒரு நுணுக்குக்காட்டி, இரண்டு மக்மாஸ்டர் கண்ணாடி, ஒரு போத்தல் மெதிலீன் நீலம், ஒரு வடி, உப்பு. இருக்கும் உதவியாளர் ஒருவருக்குப் பேராதனை மிருக வைத்திய பீடத்திலோ கன்னொறுவ கால்நடை ஆராய்ச்சி நிறுவகத்திலோ சில நாள் பயிற்சி. திங்களும் வியாழனும் காலையில் மாதிரி ஏற்பது, மறுநாளே முடிவைத் தொலைபேசிக் குறுஞ்செய்தியில் அனுப்புவது. அந்தச் செய்தி தமிழிலும் வர வேண்டும். 1987இலிருந்து அரசியலமைப்பில் தமிழும் அரச கரும மொழி. மட்டக்குளியில் ஒரு பட்டிக்காரன் தன் மாட்டுக்கு என்ன புழு என்று படிக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டியதில்லை. பரிசோதனைக்கு ஒரு கட்டணம் வைத்தால் கட்டுவோம், ஒரு போத்தல் மருந்தின் விலைக்குக் கீழே இருந்தால் சரி. முதலில் ஒரு காரியாலயத்தில் ஒரு வருடம் செய்து பாருங்கள், பிறகு மற்றவற்றுக்குக் கொண்டு போகலாம். எந்தக் காரியாலயம் என்று நீங்கள் அறிவித்தால், முதல் திங்களுக்கு வேண்டிய மாதிரிகளை எங்கள் பக்கத்துப் பட்டிகளிலிருந்து திரட்டித் தருவது என் பொறுப்பு. போத்தலும் நாங்களே கொண்டு வருவோம்.

இப்படிக்கு,
பட்டிக்காரன் ஒருவன்
கொழும்பு 15